பாவாயியின் கண்ணுக்காகக் கோவைக்கு

மஞ்சள் வேகும் வாசம் எந்த ஊரில் அடித்தாலும் நான் கொடுமுடி ஸ்டேஷனில் போய் நின்றுவிடுகிறேன். முப்பத்தாறாம் வருஷம், மாசி மாத விடியல். பக்கத்தில் என் மனைவி பாவாயி, வெளிச்சத்தின் கூச்சம் தாங்காமல் முந்தானையால் கண்ணை மறைத்தபடி.

ஈரோட்டுக்கு இருபத்துநாலு மைல். காவிரியோரம் வண்டி ஓடுகையில், "தண்ணி போகுதுங்களா?" என்று கேட்டாள். நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே வந்தாள். ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்து நான் சொல்வதையும் இப்படித்தான் கேட்பாள். கூடவே வந்த முதல் பயணத்தில் அவள் எதையும் பார்க்கவில்லை.

கோயமுத்தூரில் இறங்கும்போது உச்சி வெயில். முக்காட்டைப் பார்த்த ஜட்காக்காரர், "புதுப்பொண்ணுங்களா?" என்றார். "கட்டி இருவது வருசமாச்சுங்க," என்றாள் பாவாயி. அன்று அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

ஊரில் அவளுக்குக் காதுதான் முதலில் வீங்கியது. மேல்காதில் போட்ட கொப்பு சேரவில்லை என்று கழற்றினோம். தட்டானை மாற்றி வேறு செய்துபோட்டோம். கண் சிவந்தபோதும் கொப்பையே திட்டினோம். கண்ணாஸ்பத்திரி டாக்டர் காதைத் தொட்டுப் பார்த்தார். மேலே நெருப்பாய்ச் சிவந்திருந்தது. தோடு தொங்கும் சதை மட்டும் சும்மா இருந்தது. "நகை மேல தப்பில்லீங்க. குருத்தெலும்பு இருக்கற எடமாப் பாத்து வீங்குது. கண்ணும் அதோட சேந்துக்குது. அபூர்வமா வர்றதுங்க," என்றார்.

பார்வை தங்குமா என்று கேட்டேன். கண்பாப்பா சுருங்கி ஒட்டிக்கொள்ளாதபடி மருந்து விட்டு விரிக்கலாம், ஒத்தடம் கொடுக்கலாம். நோயை வேரோடு எடுக்க வழி தெரியாது என்று மறைக்காமல் சொன்னார்.

சில நாளில் வலி தணிந்தது. ஊரில் எங்கள் காட்டில் தோண்டிய மஞ்சள் வேகவைக்காமல் கிடந்தது. அவள் அக்காவை வரவழைத்துத் துணைக்கு விட்டுவிட்டு நான் கிளம்பினேன். கறுப்புக் கண்ணாடியோடு ஆஸ்பத்திரி வாசல்வரை வந்தாள். எத்தனையோ முறை என்னை வழியனுப்பியவள், ஒருநாளும் இருக்கச் சொன்னதில்லை. கிட்டப் போய் நின்றேன். என் முகத்தைத் தேடினாள். மருந்து விட்ட கண்ணுக்குக் கிட்டத்தில் இருப்பது கலங்கலாகத்தான் தெரியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஏனுங்க, கொஞ்சம் எட்டி நில்லுங்க."

நகர்ந்தேன்.

"இன்னுங் கொஞ்சம்."

வேப்பமரம்வரை பின்னாலேயே நடந்தேன். அவள் வாசல் நிழலில் நின்று கண்ணாடியைக் கழற்றினாள்.

"இப்பத் தெரியறீங்க. செத்த நேரம் அங்கயே இருங்க. அப்பறம் போலாம்."