ரோட்டோர வயல்

எங்கள் ஊரில் நிலம் உண்டு, வாய்க்கால் உண்டு. வயலுக்குள் போக வழி மட்டும் கிடையாது. ஒரு காலத்தில் எல்லாம் இரண்டு மூன்று குடும்பங்களின் நிலம். அண்ணன் தம்பிகள் பாகம் பிரிக்கப் பிரிக்க, ரோட்டிலிருந்து ஒன்றின் பின் ஒன்றாக வரப்புகள் விழுந்துகொண்டே போயின. அறுத்த கட்டைத் தலையில் தூக்கி வரப்பில் நடந்தவர்களுக்கு வழி இல்லாதது ஒரு குறையாகத் தெரிந்திருக்காது.

அறுவடை மிஷின் வந்தபோதுதான் விழித்துக்கொண்டோம். அது வரப்பில் நடக்குமா என்ன? ரோட்டோர வயலை முதலில் அறுத்து, அதன் வழியாகத்தான் பின்வயலுக்குப் போக வேண்டும். ஆளை வைத்து அறுக்கலாம் என்றால், இருக்கிற ஆளெல்லாம் கீழவாஞ்சூர் துறைமுகத்துக்கும் டவுன் கடைகளுக்கும் போய்விடுகிறார்கள். அதனால் எல்லோரும் ஒரே ரகத்தை ஒரே வாரத்தில் நடுவது என்று ஊரில் ஒரு வழக்கம் வந்தது. யாரும் எழுதி வைக்கவில்லை.

அப்பா போன பிறகு எங்கள் ரோட்டோர வயலில் நான்தான் பயிர் வைக்கிறேன். காரைக்காலில் டீச்சர் வேலை; ஞாயிற்றுக்கிழமை விவசாயி. போன வருஷம் யூடியூபில் பார்த்துவிட்டு, ஒருத்தரிடமும் கேட்காமல் மாப்பிள்ளைச் சம்பா நட்டேன். பாரம்பரிய நெல், உடம்புக்கு அவ்வளவு நல்லது என்று ஸ்டாஃப் ரூமில் அளந்துவிட்டேன். ஊரார் நட்டதைவிட அது முற்ற ஒரு மாதம் கூடுதலாக ஆகும் என்பது மண்டையில் ஏறவில்லை. படித்த மண்டை, லேசில் ஏறாது.

தை மாதம் ஊரெல்லாம் அறுப்பு. எனக்கு நேர் பின்னால் ஒரு அக்காவின் வயல். மற்ற மூன்று பக்கமும் வாய்க்கால். அவர் நெல் பழுத்துத் தலை சாய்ந்துவிட்டது. வருஷத்துக்கு அவருக்கு அந்த ஒரு போகம்தான். முன்னால் என் பயிர் பச்சைப் பசேலென்று மறித்துக்கொண்டு நிற்கிறது. இரண்டு நாளில் கனமழை என்று டிவியில் சொன்ன அன்று, அக்கா வரப்பில் நின்றுகொண்டிருந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. தப்பு என்னுடையது என்றால் எனக்கு முதலில் வருவது கோபம்தான்.

“நடும்போதே சொல்லக்கூடாதாக்கா? இது லேட்டா முத்தும்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியும் டீச்சர். கேக்கத்தான் வாய் வரல. ரோட்டுலேர்ந்து உள்ள ஒரு பாதை போடணும்னு முன்னாடி ஊருல கேட்டாங்க. பின்னாடி நாங்க எங்க பங்குக்கு எடம் விடுறோம்னோம். உங்க வயல்லேர்ந்துதான் ஆரம்பிக்கணும். உங்கப்பா ஒரு அடி தரமாட்டேன்னுட்டாங்க.”

இது எனக்குத் தெரியாது. ஊரின் குறை என்று நான் பேசிக்கொண்டிருந்தது எங்கள் வீட்டு வேலை. அவமானமாக இருந்தது. அப்பாமேல் ஆத்திரமும் வந்தது. ஒருத்தரையும் கேட்காமல் நட்டவள் நான் என்பது நினைவுக்கு வர, அதையும் விழுங்கிக்கொண்டேன்.

மறுநாள் லீவு போட்டேன். வயலோரமாகப் பன்னிரண்டு அடி அகலத்துக்கு, பால் பிடித்த கதிரோடு அறுத்தோம். அக்காவும் அரிவாளோடு வந்தார். வயிறு எரிந்தது, பொய் சொல்ல மாட்டேன். பச்சைப் பயிர் அத்தனையும் மாடுகளுக்குப் போயிற்று.

“இந்த வருசம் மாட்டுக்குத்தான் டீச்சர் மாப்பிள்ளை விருந்து” என்று அக்கா கிண்டல் வேறு.

மதியம் மிஷின் உள்ளே போனது. பொழுது சாய்வதற்குள் அவர் நெல் வீடு போய்ச் சேர்ந்தது. அடுத்த நாள் மழை கொட்டித் தீர்த்தபோது, பள்ளிக்கூட ஜன்னலருகே நின்று நிம்மதியாக வேடிக்கை பார்த்தேன்.

இந்த வருஷம் நடவுக்கு முன்னாலேயே அந்தப் பன்னிரண்டு அடியில் மண் அடித்துப் பாதையாக விட்டுவிட்டேன். அக்கா வந்து இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்து பார்த்தார். பிறகு தன் வயலில் இறங்கி, பாதை முடிகிற மூலையில் காலால் ஒரு கோடு கிழித்தார்.

“மிஷின் திரும்பணும்ல டீச்சர். இந்த எடம் எங்க பங்கு. அன்னைக்கே குடுக்கறதா இருந்தது.”