ஒரே பெயரில் இரண்டு கணக்கு

ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராமுக்குள் இன்னொரு கோப்பை ஏற்றி, அதிலுள்ள வேலையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதுதான் சி மொழியில் என் பிழைப்பு. அந்தப் பெயர்களிடம் அடி வாங்கியவர்களுக்கு என் நிலைமை புரியும்.

இல்லாத பெயர்

தொண்ணூறுகளின் கடைசியில், கல்முனையில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு அறிக்கை அடிக்கும் புரோகிராம் எழுதினேன். ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனிக் கோப்பு. முதல் நாள் இரத்தச் சீனி அளவுக்கான கோப்பை மட்டும் ஏற்றி, ‘கணக்கு’ என்ற பெயரைத் தேடச் சொன்னேன். கோப்பில் ஓர் எழுத்தைப் பிழையாக அடித்திருந்தேன். தேடல் வெறுங்கையோடு வந்தது. அதைக் கவனிக்காமலே கூப்பிட்டேன். புரோகிராம் அந்த இடத்திலேயே செத்தது. அக்காவைத் தாத்தா என்று கூப்பிடும் ஊர் அது; நடந்ததைப் பரிசோதகர் ஹாஜரா தாத்தாவிடம் விளக்கினேன்.

"ஆள் இரிக்கா எண்டு பார்க்காமலா தம்பி கூப்பிடுற?"

வால் முளைத்த பெயர்

எழுத்தைத் திருத்தினேன். அடுத்த வாரம் மறுபடியும் பெயர் இல்லை என்றது. கோப்பிலிருந்த பெயர்களைத் திரையில் போட்டுப் பார்த்தால், என் பெயருக்கு முன்னும் பின்னும் யாரோ எழுத்துகளை ஒட்டியிருந்தார்கள். வைரஸ் என்றே நினைத்தேன். கூட வேலை செய்த பாண்டிருப்புக் குணா ஆறுதலாகச் சொன்னான்:

"நான்தான் மச்சான் சி பிளஸ் பிளஸ் கம்பைலர்ல போட்டன். அது பேருக்கு வால் வைக்கும்."

கிடைத்த பெயர்

ஒரு மத்தியானம் ஹாஜரா தாத்தா அறிக்கைப் பிரதி ஒன்றோடு வந்தார். ஒலுவில் ஊர் மீனவர் ஒருவருக்குச் சீனி 192. சோதனைக் குழாயின் நிறத்தைப் பார்த்தவருக்கு நம்பிக்கை வரவில்லை. கையால் கணக்கிட்டால் 96. அன்று காலைதான் கொழுப்புக் கோப்பையும் சேர்த்திருந்தேன். அதிலும் ‘கணக்கு’ என்றே பெயர். எந்தக் கோப்பில் தேடுவதென்று நான் சொல்லவில்லை. அகர வரிசையில் முதலில் ஏறிய கொழுப்பின் கணக்கே கிடைத்து, தன் பெருக்கெண்ணால் சீனியை இரண்டு மடங்காக்கியிருந்தது. அன்று சீனிப் பரிசோதனைக்கு வந்தவர் அந்த மீனவர் ஒருவர்தான். அவரோ அறிக்கையோடு வீட்டுக்குப் போய்விட்டார்.

குணாவின் மோட்டார் சைக்கிளில் ஒலுவிலுக்குப் போனோம். வழியில் இரண்டு போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் இறங்கி நின்றோம். மீனவர் வேர்த்து, கை நடுங்க, வாசலில் இருந்தார். அறிக்கைக்குப் பயந்து பக்கத்து வீட்டாரின், சீனியைக் குறைக்கும் குளிசை ஒன்றை விழுங்கியிருந்தார். குணாதான் சீனியைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தான். ஆஸ்பத்திரியில் பொழுதுபடும்வரை வைத்திருந்து, சுகம் என்று அனுப்பினார்கள். நான் எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அறிக்கையை விரித்துப் பார்த்தார்.

"மேல என்ட பேர்தான் இரிக்கி தம்பி. கணக்கு மட்டும் ஆருட?"

அந்த வேலையைத்தான் இன்னும் செய்கிறேன். பெயர் கிடைத்துவிட்டது என்று கணினி சொல்லும்போதுதான் எனக்கு வேர்க்கிறது.