மீன் முள் எடுத்த சாரதி

கற்பிட்டியிலிருந்து வரும் பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், மருதாணி பூசிய தாடியோடு, போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தார். திரையில் முகம் ஏதும் கிட்ட வந்தால் உடுத்திருந்த சாரத்தின் நுனியால் திரையைத் துடைப்பார். நான் எட்டிப் பார்த்ததும் இயர்போனின் ஒரு முனையைத் தந்தார்.

“ஓடாத கொலைப்படம் தம்பி. கொலை செஞ்சது இதுல வாற டிரைவர்தான்.”

“ஏன் நானா, இப்பவே சொல்றீங்க?” என்றேன், அண்ணன் முறை வைத்து.

“அப்பத்தானே அவன நல்லாப் பார்ப்பீங்க.”

பார்த்தேன். படத்தில் அந்தச் சாரதி தன் மகளுக்கு மீன் முள் எடுத்து ஊட்டினான். ஒவ்வொரு முள்ளையும் சந்தேகத்தோடு கவனித்தேன். படம் பாதியில் இருக்கும்போதே அவர் பாலாவியில் இறங்கிவிட்டார்.

வீட்டில் தேடியெடுத்து முழுதாகப் பார்த்தேன். கொலைகாரன் வேறொருவன். அவன் முகம் மறந்துவிட்டது, சாரதியின் விரல்கள் மறக்கவில்லை.

தாடிக்காரர் வேண்டுமென்றே பொய் சொன்னாரா, இல்லை எப்போதும் பாதிப் படத்தோடு பாலாவியில் இறங்கிவிடுகிறவரா என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.