நின்றபடியே ஆறு மணி நேரம்

பணிமனையில் அவருக்கு மௌனசாமி என்று பட்டப்பெயர். பதினெட்டு வருடம் பேருந்து ஓட்டியவர். ஹாரன் பேசும் அளவுக்குக்கூட அவர் பேசமாட்டார் என்பார்கள். அதனால்தான் முதுகெலும்பு முடியும் இடத்தில், பிட்டத்துக்கு நடுவே கட்டி வந்தபோதும் வாயைத் திறக்கவில்லை. வெளியே சொல்கிற இடமா அது? சீட்டில் துண்டை மடித்துப் போட்டு, ஒருக்களித்து உட்கார்ந்து ஓட்டினார். துவைக்கப் போட்ட கால்சட்டையில் சீழைப் பார்த்து மனைவிதான் கண்டுபிடித்தாள்.

"முடி உள்ள போய் பை மாதிரி கட்டியிருக்கு," என்றார் மருத்துவர். "உக்காந்தே வேலை பாக்குறவங்களுக்கு அதிகமா வரும். வெட்டி எடுத்துட்டு, தைக்காம விட்டுடுவோம். அடியிலேர்ந்து சதை வளர்ந்து தானா மூடணும். அதுவரைக்கும் உக்காரக் கூடாது."

அறுவை சிகிச்சை முடிந்து வீட்டில் குப்புறப் படுத்துக் கிடந்தார். தினமும் காலையில் மனைவி பழைய துணியை உருவிவிட்டு, அந்தக் குழியில் புதுத் துணியைத் திணிப்பாள். அவர் தலையணையைக் கடித்துக்கொள்வார்.

பத்தொன்பதாம் நாள் ஊரிலிருந்து அக்கா போன் செய்தாள். "அப்பாவுக்கு மூச்சு வாங்குதுடா. உன்னைத்தான் கேக்குறாரு."

"எப்படிங்க போவீங்க?" என்றாள் மனைவி.

"நின்னுக்கிட்டே."

கூட்டமான பேருந்தில் மனைவியோடு ஏறினார். அதை ஓட்டியவர் அவரோடு வேலை பார்ப்பவர், விஷயம் தெரிந்தவர். ஒவ்வொரு குழியிலும் வண்டியைப் பூப்போல இறக்கி ஏற்றினார். கம்பியைப் பிடித்தபடி ஆறு மணி நேரம் நின்றார் மௌனசாமி. வண்டி நாற்பது நிமிடம் தாமதம். வீட்டை அடைந்தபோது அப்பாவின் உயிர் போய் அரை மணி ஆகியிருந்தது.

எல்லோரும் உடலைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். அவர் மட்டும் கால்மாட்டில் நின்றார். முதுகில் ஏதோ சின்ன ஆபரேஷன் என்றுதான் அக்காவுக்குத் தெரியும்.

"பெத்த அப்பன் பக்கத்துல ஒரு நிமிஷம் உக்காரக்கூட மனசு வரலையா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள். அவர் தொடைவழியே ரத்தம் இறங்கிக்கொண்டிருந்தது.

புண் பிளந்துவிட்டது. மறுபடியும் வெட்ட வேண்டியதாயிற்று. இந்தமுறை விஷயம் தெரிந்து அக்கா வந்து பத்து நாள் தங்கினாள். தம்பி மறுத்தும் கேட்காமல், கட்டு மாற்றும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். ஒருநாள் துணியைத் திணித்துக்கொண்டிருந்தவளின் கை நின்றது.

"அப்பா உன்னைக் கேட்டாருன்னு சொன்னேன்ல? பொய்டா. அவருக்கு ரெண்டு நாளா நினைவே இல்ல. எனக்குத் தனியா இருக்கப் பயமா இருந்துச்சு."

அவர் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டார். பிறகு தலையணைக்குள்ளிருந்தே, "எனக்குப் பயமா இருக்குன்னு சொல்லியிருந்தாலும் வந்திருப்பேனேக்கா," என்றார்.

அவள் அழுதுகொண்டே கட்டை ஒட்டினாள்.

புண் மூட ஐந்து மாதம் ஆயிற்று. ஸ்டீயரிங்கை மறுபடி அவரிடம் கொடுக்கவில்லை. இப்போது பேருந்து நிலைய வாசலில் நின்று, வண்டிகள் வந்துபோகும் நேரத்தைக் குறிக்கிறார்.