மூன்றாவது ஸ்க்ரூவின் ஓரத்தில்

செவ்வாய்க்கிழமை மாலை நான்கு இருபதுக்குப் பள்ளியிலிருந்து போன் வந்தது. பத்தாம் வகுப்பு படித்த மகள் பாட்மிண்டன் ஆடும்போது விழுந்துவிட்டாள். முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்திருந்தது. மறுநாள் தகடு வைத்து ஆறு ஸ்க்ரூக்களால் பொருத்தினார்கள்.

ஆறு வாரம் அவள் அபுதாபி வீட்டு ஹாலில், சோபாவில் கிடந்தாள். நான் பக்கத்திலேயே லேப்டாப்பை வைத்து ஆபீஸ் வேலை பார்த்தேன். கீழே உள்ள கஃபெட்டீரியாவிலிருந்து கரக் டீ வரும். காலி பேப்பர் கப்களை அவள் தன் வயிற்றின் மேல் கோபுரமாக அடுக்குவாள்; சிரித்ததும் சரியும். இப்போது அவள் அறைக் கதவு மூடியே இருக்கிறது. அந்த ஆறு வாரத்துக்காக ஏங்குகிறேன் என்று சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

ஆறு வாரம் முடிந்ததும், வாக்கர் பிடித்துப் பாதி எடை வைத்து நடக்கலாம் என்றார் டாக்டர்.

எண்ணெய்க் குழாய்களில் எந்த இடத்தில் எவ்வளவு தகைவு, அதாவது உள்ளழுத்தம், விழுகிறது என்று கணினியில் பார்ப்பது என் தொழில். பொருளை மெஷ் என்னும் சிறு கட்டங்களாகப் பிரித்து, பாரம் ஏற்றி, நிறங்களைப் படிக்க வேண்டும்: பச்சை என்றால் தாங்கும், சிவப்பு என்றால் ஆபத்து. நான் சும்மா இருந்திருக்கலாம். எக்ஸ்ரேயை அளந்து, எலும்பையும் தகட்டையும் வரைந்து, ஸ்க்ரூக்கள் எலும்போடு ஒட்டியிருப்பதாக வைத்து, அவள் எடையில் பாதியை ஏற்றினேன்.

மூன்றாவது ஸ்க்ரூ எலும்புக்குள் நுழையும் விளிம்பில் பொட்டளவு சிவப்பு. எலும்பு தாங்கும் அளவைத் தாண்டியிருந்தது. கட்டங்களின் அளவைப் பாதியாக்கினேன், தகைவு ஏறியது. மறுபடி பாதியாக்கினேன், இன்னும் ஏறியது. எழுந்துபோய் வாக்கரை பால்கனியில் வைத்துக் கதவைப் பூட்டினேன்.

"டாக்டரே ஓகே சொல்லிட்டார்மா."

"டாக்டர் இதைப் பாக்கலடி."

"இது என் லெக்மா. உன் பைப் இல்ல."

ஐந்து நாள் அவளை நடக்கவிடவில்லை. கெண்டைக்கால் மெலிந்துகொண்டே போனது. பிசியோதெரபிஸ்ட் கூப்பிட்டபோது நான் போனை எடுக்கவில்லை.

என் கணவருக்கு சவூதியில், அல் கோபாரில் வேலை. பல வருடங்களுக்கு முன் இங்கே முசஃபா தொழிற்பேட்டையில், ஏசி உறுமும் போர்ட்டகேபின் ஆபீஸில் அவர் எனக்கு ஜூனியர். சேர்ந்த வாரமே இப்படி ஒரு சிவப்புப் படத்தோடு முகம் வெளிறி ஓடிவந்தார். "கூர்மூலைல மெஷ்ஷைக் குறைச்சா நம்பர் ஏறிட்டேதான் இருக்கும் சார், அது நிஜமில்ல. கொஞ்சம் தள்ளிப் பாருங்க" என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. அந்த மாதம் முழுக்க ஆபீஸில் அவர் பெயர் 'மூலை'. கல்யாணப் பத்திரிகை கொடுத்தபோதும் அதைச் சொல்லித்தான் சிரித்தார்கள்.

இன்றும் மகள் படியிறங்கும் சத்தம் கேட்டால் என் கை விசைப்பலகையில் நின்றுவிடுகிறது. இருந்தாலும் ஐந்தாம் நாளான அந்த வெள்ளிக்கிழமை மதியத்தை நினைத்துக்கொள்வேன். லீவு போட்டு வந்த கணவர், பையைக்கூட இறக்காமல் திரையைப் பார்த்தார்.

"மெஷ்ஷைக் குறைச்சியா?"

"ரெண்டு தடவை. ஏறிட்டே போகுது."

"எங்கயாவது நின்னுச்சா?"

"இல்ல."

விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் தள்ளி விரலை வைத்தார். அங்கே எல்லாம் பச்சை. எலும்பு தாங்குவதில் கால்வாசிகூட இல்லை. ஐந்து நாளும் அந்தப் பச்சை என் கண்ணெதிரே இருந்திருக்கிறது. அவர் பால்கனியைத் திறந்து வாக்கரைக் கொண்டுவந்து சோபா முன் வைத்தார்.

"அந்தச் சிவப்பு இவ எலும்புல இல்ல மேடம், நீங்க வரைஞ்ச மூலைல இருக்கு. கண்ணு, எந்திரி. கிச்சன் வரைக்கும் போய் அம்மாவுக்கு ஒரு டீ போடலாம்."