அண்ணனின் காலாண்டுப் பத்திரிகையும் என் அடிக்குறிப்பும்

அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த மலரைக் கையில் வாங்கும் உறவினர்க்கும் நண்பர்க்கும் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: நினைவு மலர்கள்மேல் அண்ணனுக்குத் துளியும் மதிப்பு கிடையாது. "ஒரு தரம் வந்துட்டு ஓடிப்போறது இன்னா பெரிய விஷயம்? மூணு மாசத்துக்கு ஒரு தரம் தவறாம வரட்டும், அப்ப பாக்கலாம்" என்பார். ஆகவே அவருக்குப் பிடிக்காத ஒரு காரியத்தை, அவருக்குப் பிடிக்காத என் கையெழுத்தில் செய்துகொண்டிருக்கிறேன்.

அண்ணன் நூம்பலில் பிறந்தார். அப்பாவுக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நிலம். தினமும் பூந்தமல்லிக்கு நடந்து போய்ப் படித்தார். பின்னாளில் நானும் அதே பள்ளிக்கூடத்துக்கு நடந்தேன்; நடந்த மட்டில்தான் எங்களுக்குள் ஒற்றுமை. அவர் சர்வகலாசாலையில் தாவரவியல் விரிவுரையாளர் ஆனார். நான் இன்டர்மீடியட்டில் இரண்டு முறை தவறி, அம்பத்தூர் ஸ்டேஷனில் பார்சல் குமாஸ்தா ஆனேன். அண்ணன் ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே வீடு பிடித்து, அண்ணியோடு என்னையும் சேர்த்துச் சோறு போட்டார்.

சர்வகலாசாலைக்கு எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக ஓர் ஆராய்ச்சிப் பத்திரிகை வேண்டும் என்று ஒருநாள் கூட்டம் கூடிப் பேசினார்கள். யோசனையைப் பாராட்டாத பேராசிரியர் இல்லை. ஆசிரியர் பொறுப்புக்கு அடுத்தவர் பெயரைச் சொல்லாத பேராசிரியரும் இல்லை. அண்ணன் தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தார். திரும்பி வந்தபோது ஆசிரியராகியிருந்தார்.

அன்று பிடித்தது எங்கள் வீட்டுக்குச் சனி. கணிதப் பேராசிரியர் ஒரே ஒரு பக்கம் கொடுத்து, மீதி வெளிப்படை என்றார். சரித்திரப் பேராசிரியர் ஒரு மூட்டை கொடுத்து, ஒரு வார்த்தை குறையக்கூடாது என்றார். சட்டப் பேராசிரியரின் கட்டுரை முழுவதும் அவர் மனத்தில் தயாராக இருந்தது. நான்கு வருஷம் அங்கேயே பத்திரமாக இருந்தது. அண்ணன் ஒவ்வொரு வாசலிலும் போய் நிற்பார். "எங்க கல்யாணத்துக்குக்கூட இவ்ளோ ஊடு ஏறி எறங்கல தம்பி" என்று அண்ணி என்னிடம் அலுத்துக்கொள்வார்.

போதாக்குறைக்கு அண்ணன் தானே ஒரு விதியும் செய்துகொண்டார். ஒவ்வொரு கட்டுரையையும் மூவர் படித்துக் குறிப்பு எழுத வேண்டும்: அந்தத் துறைக்காரர் ஒருவர், வேறு துறைக்காரர் ஒருவர், எந்தத் துறையும் இல்லாத ஒருவர். பரிசீலகர் பெயர் எக்காரணம் கொண்டும் வெளியே வரக்கூடாது. மூன்றாவது பரிசீலகர் நான். சர்வகலாசாலைக்கு ஆலோசனை சொல்கிறேன் என்று என் மாமியார் வீட்டில் பெருமையடித்துக்கொண்டேன். ஏன் என்னைத் தேர்ந்தெடுத்தார் என்று அண்ணியிடம் கேட்டுத் தொலைத்தேன். "தம்பிக்குப் புரிஞ்சா ஏரிக்கரை எருமைக்கும் புரியும்னாரு" என்றார் அண்ணி, குழம்பு ஊற்றிக்கொண்டே.

யுத்தம் வந்தது. குண்டு விழும் என்ற பயத்தில் பட்டணம் காலியானபோது, அச்சுக்கூட முதலாளி எந்திரத்தைப் பூந்தமல்லிக்குக் கொண்டுபோனார். தத்துவப் பேராசிரியர் குடும்பத்தோடு எங்கள் தெருவுக்கு மூன்றாம் தெருவில் குடியேறினார். ஆவடிப் பக்கம் பட்டாள லாரிகள் புழுதி கிளப்ப, ஊரே அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் அலைந்தது. அண்ணன் காகிதத்துக்கு அலைந்தார். தத்துவம் நடக்கிற தூரத்துக்கு வந்துவிட்டதில் அவருக்கு அப்படி ஒரு சந்தோஷம். தினம் போய் நின்று, காலத்தின் இயல்பைப் பற்றி ஒரு கட்டுரையை வாங்கியே விட்டார்.

அதைப் படித்தேன். ஒரு வாக்கியம் ஒன்றரைப் பக்கம் ஓடியது. பேராசிரியர் தம் அடிக்குறிப்புகளைப் பென்சிலால் நட்சத்திரம் போட்டு ஓரத்தில் எழுதியிருந்தார். நானும் ஒரு நட்சத்திரம் போட்டு எழுதினேன்: "இவ்விடத்தில் தூங்கிவிட்டேன். விழித்தபோதும் இதே வாக்கியம் ஓடிக்கொண்டிருந்தது."

வழக்கமாக என் கிறுக்கல்களை அண்ணன் படித்துவிட்டு ரப்பரால் அழித்துவிடுவார். அந்த வாரம் அவர் மலைக்காய்ச்சலில் கிடந்தார். "நீ எழுதினத நீயே அழிச்சிட்டு முனுசாமியாண்ட குடுத்துடு. புரூஃபையும் நீயே பாத்துடு" என்றார். மற்றவற்றை அழித்தேன். சைக்கிளில் வேலப்பன்சாவடி வழியாகப் பூந்தமல்லி போய், எழுத்துக் கோக்கும் கம்பாசிட்டர் முனுசாமியிடம் கட்டுரையைக் கொடுத்தேன். நான்காம் நாள் பிழை திருத்தப் புரூஃப் வந்தது. ஆற அமர உட்கார்ந்து பார்த்தேன். பார்த்துக்கொண்டே வந்தவன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதே இடத்தில் மறுபடியும் தூங்கிவிட்டேன்.

பத்திரிகை வெளிவந்தது. ஏழாம் பக்க அடியில், பேராசிரியரின் மற்ற குறிப்புகளுக்கு நடுவே, அழகான சிறு எழுத்தில் நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.

முனுசாமியிடம் பாய்ந்தேன். அவர் எழுத்துப் பெட்டியிலிருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. "காயிதத்துல இன்னா கீதோ அத்தத்தான் நைனா அடுக்குவேன். தூங்குனது நீ, எழுதுனது நீ, புரூஃபு பாத்தது நீ. நான் முயிச்சிக்கினு வேல செஞ்சேன், அது தப்பா?"

பத்திரிகையை நிறுத்தச் சாக்குத் தேடிக்கொண்டிருந்த சர்வகலாசாலை நிதிக்குழு உடனே கூடியது. காய்ச்சலிலிருந்து எழுந்தவரைத் தனியே அனுப்ப அண்ணிக்கு மனமில்லை. துணைக்கு நான் போனேன். கதவுக்கு வெளியே நின்றேன்.

"இதை எழுதியது யார்?" என்று குழுத் தலைவர் கேட்டது காதில் விழுந்தது.

"ஒரு பரிசீலகர் சார்."

"பெயர்?"

"பரிசீலகர் பெயரைச் சொல்றதில்லைன்னு விதி சார்."

"பெயரைச் சொல்லுங்கள். அவரை நீக்கிவிட்டு விஷயத்தை இத்தோடு முடித்துவிடலாம்."

"பேரச் சொன்னா அப்புறம் எவரும் உள்ளபடி எழுத மாட்டாங்க சார். அச்சுல வந்தது என் தப்பு. அதுக்கு என்னைக் கேளுங்க."

உள்ளே போய் "நான்தான்" என்று சொல்ல இரண்டு அடி வைத்தேன். மூன்றாவது அடி வைக்கவில்லை. அந்த மூன்றாவது அடியை இந்த மலரில் வைக்கிறேன்.

ஒரு காலாண்டு தவறினாலும் பத்திரிகை நின்றுவிடும் என்று முடிவு செய்து அனுப்பினார்கள். அந்த ஆண்டு அண்ணனுக்கு வரவேண்டிய ரீடர் பதவி உயர்வு வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவும் இல்லை. கூட்டம் முடிந்து திரும்பும் ரயில் வில்லிவாக்கம் தாண்டியதும் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"அழிக்கச் சொன்னேனேடா?"

"மறந்துட்டேண்ணா."

"மறக்கல. உனக்கு அந்த வரி புடிச்சுப்போச்சு. எனக்கும் புடிச்சுதுடா. அதுக்காக அச்சுல போடுவாங்களா, கம்னாட்டி!"

மறுவாரம் தத்துவப் பேராசிரியரே வீடு தேடி வந்தார். நான் கொடுத்த மோரில் பாதி அவர் அங்கவஸ்திரத்தில் போயிற்று. அவர் அதைக் கவனிக்கவில்லை. "அந்தப் பரிசீலகர் யாரு சார்? சண்டைக்கு இல்லை. அவர் சொன்ன இடத்தை நானே உரக்கப் படிச்சேன். எனக்கே கொட்டாவி வந்தது. திருத்தி எழுதித் தர்றேன், அவரே மறுபடி பார்க்கட்டும்" என்றார். அண்ணன் அவரிடமும் பரிசீலகர் பெயரைச் சொல்லவில்லை. கட்டுரையைத்தான் கேட்டார். அடுத்த வாரம் என்றார் பேராசிரியர். அந்த அடுத்த வாரம் இன்னும் வரவில்லை. காலத்தின் இயல்பை ஆராய்ந்தவர் அல்லவா!

அதற்குப் பிறகு ஒரு காலாண்டும் தவறவில்லை. எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்கு எரிச்சல் வரும். பியூனும் கிடையாது, காகித ஒதுக்கீட்டிலும் பாதி போயிற்று. இதழ் மூட்டையை அவரே தூக்கினார். "வுட்டுத் தொலைங்களேன்" என்று அண்ணி எத்தனையோ முறை கெஞ்சினார். "இந்த ஒரு இதழ் மட்டும்" என்பார். நெஞ்சில் நீர் கோத்துப் படுத்த பிறகும் அதே பேச்சு. கடைசி நாளில் என்னை அருகே அழைத்து, "தத்துவக்காரரு குடுத்தாரா?" என்றார்.

"நாளைக்குத் தரேன்னாரு அண்ணா."

"நாளைக்கா? அப்ப இல்ல" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் கடைசியாகப் பேசியது அதுதான். ஒரு மனிதன் சாகும்போது பெண்டாட்டி பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாதா? இந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

நோயில் துணைநின்ற வைத்தியருக்கும், பதினாறாம் நாள்வரை எங்களுக்காகத் தங்கள் அடுப்பை அணையவிடாத பக்கத்து வீட்டாருக்கும், ரேஷன் காலத்திலும் அரிசி அனுப்பிய நூம்பல் பங்காளிகளுக்கும், முன்பணம் கேட்காமல் இம்மலரை அடுக்கும் முனுசாமிக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். முனுசாமிக்குத் தனியாக ஒரு சொல்: ஓரத்தில் நான் ஒன்றும் எழுதவில்லை.

தத்துவப் பேராசிரியர் அவர்களுக்கு. அண்ணன் தகரப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்த கட்டுரைகளால், அவர் போன பிறகும் மூன்று இதழ்கள் வந்துவிட்டன. நான்காவதற்கு ஒன்று குறைகிறது. அது இல்லாவிட்டால் பத்திரிகை நிற்கும். அண்ணன் தம் பதவியைக் கொடுத்துக் காப்பாற்றியது வீணாகும். பரிசீலகர் யார் என்று கேட்டீர்கள். விதியை மீறிச் சொல்லிவிட்டேன். இம்மலரின் முதல் படியை உங்களுக்கு முன்னதாகவே அனுப்பிவைக்கிறேன்; திவசச் சாப்பாட்டுக்கு வரும்போது கட்டுரையோடு வாருங்கள், ஐயா. வாசலில்தான் இருப்பேன். இந்த முறை நின்றுகொண்டே படிக்கிறேன்.