கீழே உட்கார்ந்திருந்த சித்தப்பா

எனக்கு வாய் நீளம். கோபம் வந்தால் எதிரில் நிற்பது யார் என்று பார்க்கமாட்டேன். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு.

துடியலூர் வீட்டுக் குளியலறையில் வழுக்கி விழுந்து அப்பாவுக்கு இடுப்பெலும்பு முறிந்தது. கோயம்புத்தூரில் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து, மூன்றாம் நாளே வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைத்தார்.

எங்கள் பக்கம் ஒருவர் படுத்துவிட்டால் சொந்தபந்தம், ஒரம்பரை அத்தனை பேரும் நேரில் வந்து பார்த்தாக வேண்டும். பார்க்க வராதவர் வீட்டுக் கல்யாணத்துக்கே போகாத குடும்பங்களை எனக்குத் தெரியும். அதனால் வேன் பிடித்து வந்தார்கள். கட்டிலிலேயே உட்கார்ந்தார்கள். போர்வையை விலக்கிக் கட்டைப் பார்த்து உச்சுக் கொட்டினார்கள். நானும் ஃபிளாஸ்க்கில் காபி வாங்கிவந்து ஊற்றிக் கொடுத்தேன்.

அந்தியூரிலிருந்து சித்தப்பாவும் வந்தார். அப்பாவுக்கு ஒரே தம்பி. காலையில் பால் கறந்துவிட்டு, மூன்று பஸ் மாறி வந்து, நேராக அண்ணன் காலைப் பிடித்துவிட உட்கார்ந்தார். இரண்டு பேரும் தினமும் காலையில் போனில் பேசாமல் இருக்கமாட்டார்கள். மழை பெய்ததா, எருமை சினையா, அவ்வளவுதான் பேச்சு.

ஆறாம் நாள் காய்ச்சல். கட்டைப் பிரித்தால் சீழ். அதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். வந்த காகிதத்தில் வரிசையாக மருந்துப் பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, கேட்காது, கேட்காது என்று குறி. டாக்டரம்மா சின்ன வயசு. “எந்த மருந்துக்கும் அசையாத கிருமிங்க. ஒண்ணு ரெண்டுதான் மிச்சம் இருக்கு. அது கிட்னியைப் பாதிக்கலாம். ஆனா வேற வழியில்லைங்க” என்றார். அப்பாவைத் தனி அறைக்கு மாற்றினார்கள். கூட இருக்க ஓர் ஆள் மட்டும்.

அந்த ஆள் நான். கிருமி எங்கிருந்து வந்தது என்று நான் யாரையும் கேட்கவில்லை. நானே முடிவு கட்டிவிட்டேன்.

மறுநாள் சித்தப்பா திரும்ப வந்தார். லிஃப்ட் வாசலிலேயே மறித்தேன். “மாட்டைப் புடிச்ச கையோட வந்து அவரு காலைப் புடிச்சீங்களே, இப்பப் பாருங்க! எங்கப்பாவைக் கொன்னுபோட்டுத்தான் ஓய்வீங்களா?” என்று கத்தினேன். சுற்றியிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தன் இரண்டு கைகளையும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“சரி அம்மணி. நா உள்ள வர்ல. அண்ணன் பொழைச்சாப் போதும்.”

ஆனால் உடனே ஊருக்குத் திரும்பவில்லை. சாயங்காலம் வரை கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினார். அடுத்த இரண்டு நாளும் அப்படியே வந்தார். மருந்து வாங்க இறங்கும்போதெல்லாம் பார்த்தேன். பார்க்காத மாதிரி போனேன்.

“தம்பி வந்தானா கண்ணு?” என்று அப்பா கேட்டார்.

“இல்லீங்கப்பா.”

“எருமைக்குக் கிருமைக்கு ஒடம்பு சேரலையோ என்னமோ. வராம இருக்கமாட்டானே.” கொஞ்சம் பொறுத்து, “போனாவது போட்டுக் குடு” என்றார்.

டவர் கிடைக்கவில்லை என்றேன். போனில் கிருமி போகாது என்பது எனக்குத் தெரியாதா? அப்பாவைக் காப்பாற்றுவதற்காகச் செய்யவில்லை. ஆத்திரம். அவரைத் தண்டிக்க வேண்டும் என்றிருந்தது. வேறு காரணம் சொன்னால் என் நாக்கு அழுகட்டும்.

அதற்கு மறுநாள் சிறுநீர் நின்றது. அதன்பின் மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் வைத்துவிட்டார்கள். அப்பாவால் பேச முடியவில்லை. இரண்டு நாளில் போய்விட்டார்.

உடலை வாங்கக் கையெழுத்துப் போடும்போது டாக்டரம்மாவிடம் சித்தப்பா கையைப் பற்றிச் சொன்னேன். இல்லை என்பதுபோல் அவர் தலையை ஆட்டினார். “உறுதியாச் சொல்ல முடியாதுங்க. ஆனா இந்தக் கிருமி பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்குள்ளயே இருக்கிறது. எங்க கைவழியாக்கூட வந்திருக்கலாம்.” ஒளிக்காமல் சொன்னார். அவரிடம் கத்தியிருக்கலாம். ஆனால் இருந்த கத்தலையெல்லாம் லிஃப்ட் வாசலில் கொட்டிவிட்டிருந்தேன், பாவி.

காரியம் முடிந்து கூட்டம் கலைந்தபின் சித்தப்பா மட்டும் பந்தல் காலைப் பிடித்தபடி நின்றார். நான் பக்கத்தில் போனதும் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நா வந்து கீழ உக்காந்திருந்தது அண்ணனுக்குத் தெரியுமா அம்மணி?”

“தெரியுமுங்க சித்தப்பா. நாந்தான் சொன்னேன்.”

அவர் முகம் தெளிந்தது. என் தலையில் கையை வைத்தார். “அது போதும். நீ நல்லா இருக்கோணும் கண்ணு” என்றார்.